டர்போ காரில் இரண்டாவது பெட்ரோல் பம்ப்: எப்போது ஓட வேண்டும், எது ஓட வைக்க வேண்டும்?

மிட்சுபிஷி லான்சர் இவோ 8, இவோ 9 கார்களின் டேங்குக்குள் இரண்டு பம்பை அருகருகே பொருத்தி ஓட்டுவது பல வருடங்களாக நடந்து வரும் வேலை. ‘டபுள் பம்பர்’ என்றே அதற்குப் பெயர். கீழே உள்ள பதில்களில் அந்தக் காரின் 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜினைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன். ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள மற்ற டர்போ பெட்ரோல் கார்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும். பம்பைப் பொருத்துவது பற்றி அதிகம் சொல்லவில்லை. அதை எப்போது ஆன் செய்வது, அது ஆன் ஆகாமல் போனால் கார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு பம்ப் ஏன் போதவில்லை? பெரியதாக ஒன்றைப் போட்டால் ஆகாதா?

வால்ப்ரோ கம்பெனியின் 255 பம்ப் என்றால் மணிக்கு 255 லிட்டர். ஆனால் அது ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. அழுத்தம் ஏற ஏற எந்த பம்பும் தள்ளுவது குறையும். 4ஜி63இல் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் 43.5 பிஎஸ்ஐ, அதாவது 3 பார் இருக்கும். பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கித் தரும் காற்றின் அழுத்தம், ஒரு பிஎஸ்ஐ ஏறினால் ரெகுலேட்டரும் ரெயில் அழுத்தத்தை ஒரு பிஎஸ்ஐ ஏற்றிவிடும். அப்படி ஏற்றினால்தான் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) உள்ள காற்றை எதிர்த்து இன்ஜெக்டர் வழக்கமான அளவைப் பீய்ச்ச முடியும். 30 பிஎஸ்ஐ பூஸ்டில் ரெயிலில் 73.5 ஆகிவிடுகிறது. இன்ஜின் அதிகம் கேட்கிற அதே நேரத்தில்தான் பம்ப் கை சுருக்குகிறது.

டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக் கணக்குப் போடுவது டியூனர்களின் வழக்கம். 600 குதிரைத்திறனுக்கு 360 பவுண்டு, அதாவது 163 கிலோ. லிட்டருக்கு 0.74 கிலோ என்று வகுத்தால் மணிக்கு 220 லிட்டர். 73 பிஎஸ்ஐயில் ஒரு 255 பம்ப் தருவது சுமார் 200 லிட்டரோ அதற்குக் கீழேயோதான். இதே 220 லிட்டரை நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 900 சிசிக்கு மேல் தர வேண்டும். இவோவில் கம்பெனி போட்டுத் தருவது 560 சிசி. ஆக, பம்பை மட்டும் மாற்றி முடிகிற விஷயமில்லை இது.

பெரிய பம்ப் ஒன்றே போதாதா என்றால், பெட்ரோலில் 600 குதிரைத்திறன் வரை போதும். 450 லிட்டர் வகை பம்ப் ஒன்று, நல்ல ஒயரிங், அத்தோடு முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது பம்ப், அதற்கு ஒரு ரிலே, அதற்கு ஒரு சுவிட்ச் என்று சேர்க்கச் சேர்க்க, பழுதாவதற்கான இடமும் சேர்கிறது. எத்தனால் கலந்த இ85 ஊற்றப் போகிறீர்கள் என்றால் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 800 குதிரைத்திறனும் இ85ஐயும் சேர்ந்தால் 400 லிட்டரைத் தொடும். அங்கேதான் இரண்டு பம்புக்கு நியாயம் இருக்கிறது.

இரண்டையும் எப்போதும் ஓட விட்டால் என்ன? கன்ட்ரோலே வேண்டாமே?

ஓடும். சிலர் அப்படியே ஓட்டவும் செய்கிறார்கள். ஆனால் ஐடிலில் இரண்டு லிட்டர் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். இரண்டு 255 பம்புகள் தள்ளுவது 500 லிட்டர். மிச்சம் 499 லிட்டரும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். கம்பெனி ரிட்டர்ன் லைன் அவ்வளவுக்குப் போட்டதல்ல. குழாய் திணறும், ரெகுலேட்டர் முழுசாகத் திறந்தும் அழுத்தம் 43.5இல் நிற்காமல் 50, 55 என்று ஏறும். ஐடில் ரிச்சாகும் (பெட்ரோல் தேவைக்கு அதிகமாகும்), டியூனிங் கணக்கெல்லாம் குழம்பும்.

இன்னொன்று சூடு. பம்ப் மோட்டாரின் சூட்டையும் இன்ஜின் பக்கத்துச் சூட்டையும் வாங்கிக்கொண்டுதான் அந்த 499 லிட்டரும் டேங்குக்கு வருகிறது. சித்திரை வெயிலில் கால் டேங்க் பெட்ரோலோடு டிராஃபிக்கில் நின்றால், அந்தக் கால் டேங்கே சுற்றிச் சுற்றிச் சூடேறும். சூடான பெட்ரோல் ஆவியாகும், ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருகிற குறைந்த கரண்டிலும் இரண்டு பம்பும் பங்கு கேட்கும்.

கார் கம்பெனிகளே ஒற்றைப் பம்பைக்கூட முழு வேகத்தில் எப்போதும் ஓட்டுவதில்லை. இவோவில் குறைந்த லோடில் ஒரு ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜைக் குறைத்துத்தான் பம்புக்கு அனுப்புகிறார்கள். டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் டர்போவில் பம்புக்கென்றே ஒரு தனி ஈசியூ (கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) உண்டு. சுபாருவில் 33, 67, 100 சதவீதம் என்று மூன்று படி. நம் இரண்டாவது பம்பும் அதே யோசனைதான்: தேவைப்படும்போது மட்டும் ஓடட்டும்.

ஹாப்ஸ் சுவிட்ச் என்கிறார்களே, அது போதுமா?

அது ஒரு சாதாரண பிரஷர் சுவிட்ச். உள்ளே ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி கான்டாக்ட். செட் செய்த பூஸ்ட் வந்ததும் கான்டாக்ட் சேரும், ரிலே இழுக்கும், பம்ப் ஓடும். விலை குறைவு, லேப்டாப் தேவையில்லை, கம்பெனி ஈசியூ வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஆனால் அதற்குப் பூஸ்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. மேனிஃபோல்டிலிருந்து வரும் சின்ன ஹோஸ் கழன்றால் பம்ப் ஆன் ஆகாது, ஆகவில்லை என்று யாருக்கும் சேதியும் வராது. செட்டிங்குக்கு அருகிலேயே பூஸ்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ரிலே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் அதிர்விலும் வருடக்கணக்கிலும் செட்டிங் நகரும். ஹாப்ஸ் வைப்பதாக இருந்தால் அதற்குத் தனி ஹோஸ் கொடுங்கள். ரெகுலேட்டர் ஹோஸில் டி போட்டுச் சேர்த்தால், ஒன்று கழன்றால் இரண்டும் போகும். சுவிட்சை இன்ஜின் மேல் நேராக மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். பம்பின் முழுக் கரண்டையும் அதன் வழியாக விடவே கூடாது, அந்தக் கான்டாக்ட் அதற்கானதல்ல. ரிலே காயிலுக்கு மட்டும் போதும்.

எத்தனை பிஎஸ்ஐயில் ஆன் செய்ய வேண்டும்?

5 என்றும் 8 என்றும் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எண்ணை உங்கள் கார்தான் சொல்ல வேண்டும். ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, முதல் பம்ப் மட்டும் ஓடும் நிலையில் பூஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் வரும் வித்தியாசம் 43.5இலேயே நிற்க வேண்டும். அது எங்கே சரியத் தொடங்குகிறதோ, அதுதான் முதல் பம்பின் எல்லை. 16 பிஎஸ்ஐயில் சரிகிறது என்றால் 15இல் ஆன் செய்யக் கூடாது, 8 அல்லது 9இல் செய்ய வேண்டும். பம்ப் சுழன்று வேகம் பிடிக்கவும், அழுத்தம் நிலைக்கவும் நொடியின் ஒரு பகுதி ஆகும். பூஸ்ட் சடாரென ஏறும் மூன்றாவது கியரில் அந்த ஒரு பகுதிக்குள் பல பிஎஸ்ஐ ஏறிவிடும்.

ரொம்பக் கீழே, 2 பிஎஸ்ஐயில் வைத்தாலும் வம்புதான். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் பம்ப் ஆன் ஆகும், இறங்கும்போதெல்லாம் ஆஃப் ஆகும்.

ஈசியூவிலிருந்து கன்ட்ரோல் செய்வது எப்படி?

லிங்க், ஹால்டெக், மோடெக் போன்ற தனி ஈசியூ இருந்தால் ஹாப்ஸ் பக்கமே போக வேண்டாம். காலியாக உள்ள ஒரு அவுட்புட்டை ரிலேவுக்குக் கொடுத்து நிபந்தனை எழுதிவிடலாம். மேனிஃபோல்ட் அழுத்தம் 160 கிலோபாஸ்கலைத் தாண்டினால் ஆன். 130க்குக் கீழே இறங்கி இரண்டு நொடி அங்கேயே இருந்தால் ஆஃப். 160 என்பது வெளிக்காற்றின் 101ஐயும் சேர்த்த கணக்கு, பூஸ்டாகச் சொன்னால் 8.5 பிஎஸ்ஐ. ஆன் எண்ணுக்கும் ஆஃப் எண்ணுக்கும் இடைவெளி விடுவதும், ஆஃப் செய்யுமுன் தாமதம் வைப்பதும் ஒரே காரணத்துக்காக: கியர் மாற்றும் ஒரு நொடியில் பூஸ்ட் விழுந்து மறுபடி எழும்போது பம்ப் நின்றுவிட்டிருக்கக் கூடாது.

பூஸ்டைவிட இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்), ஆர்பிஎம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இன்னும் சரி. 3,000 ஆர்பிஎம்மில் 15 பிஎஸ்ஐ பூஸ்டுக்குத் தேவைப்படும் பெட்ரோலும் 7,500இல் அதே பூஸ்டுக்குத் தேவைப்படும் பெட்ரோலும் ஒன்றல்ல. இருந்தாலும் தெருக் காருக்கு மேனிஃபோல்ட் அழுத்தம் ஒன்றே போதும் என்பது என் கருத்து. நிபந்தனை எளிமையாக இருந்தால், நாளைக்கு வேறொரு டியூனர் திறந்து பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் புரியும்.

சாவி போட்டதும் பிரைமிங்குக்கு, அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் லைனில் அழுத்தம் ஏற்ற, முதல் பம்ப் ஓடும் இரண்டு நொடியில் இரண்டாவது பம்பையும் சேர்த்து ஓட விடுங்கள். தினமும் ஒருமுறை அதன் சத்தம் காதில் விழும்.

ரிலே ஒயரிங் எப்படி?

30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் கரண்ட். 87இலிருந்து பம்புக்கு. 86க்குப் பாசிட்டிவ், 85ஐ ஈசியூ எர்த் செய்யும். உள்ளே டையோடு உள்ள ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டையோடு போய்விடும், கூடவே ஈசியூ அவுட்புட்டும் போகலாம்.

பலர் கவனிக்காத இடம் 86. அதற்குப் பாசிட்டிவை இக்னிஷனிலிருந்து எடுக்காமல், முதல் பம்பின் ரிலே அவுட்புட்டிலிருந்து எடுங்கள். இன்ஜின் நின்றதும் ஈசியூ முதல் பம்பை நிறுத்தும், அதோடு இரண்டாவதும் தானாக நிற்கும். விபத்தில் கார் கவிழ்ந்து இக்னிஷன் ஆனிலேயே இருக்கும்போது, ஒட்டிக்கொண்ட ஒரு ஹாப்ஸ் சுவிட்ச் உடைந்த குழாயில் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒயர் எவ்வளவு தடிமன்?

பம்ப் தள்ளும் அளவு வோல்டேஜைப் பொறுத்தது என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய பம்ப் ஒன்று அதிக அழுத்தத்தில் 15 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். முன்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து பின்னாலிருக்கும் டேங்க் வரை 5 மீட்டர் என்று வைத்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மட்டும் 0.9 வோல்ட் தொலையும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.33தான். எர்த் பக்கமும் அதே தடிமனில், பெயின்டைச் சுரண்டிய பாடியில் நல்ல லக் போட்டு முறுக்குங்கள். இரண்டு பம்புக்கும் தனித்தனி பியூஸ், தனித்தனி ரிலே, தனித்தனி எர்த். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல.

ரிலேவுக்குப் பதிலாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் போடலாமா?

போடலாம், சாதாரண ரிலேவால் அது முடியாது, சாலிட் ஸ்டேட் ரிலே வேண்டும். நொடிக்குப் பல நூறு, ஆயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டி அனுப்புவதால் அதற்குச் சூடு தணிக்க இடமும் வேண்டும். ஆனால் இரண்டாவது பம்புக்கு இது அவசியமா என்பது சந்தேகம். மெதுவாக ஓடும் பம்ப், முதல் பம்ப் ஏற்கெனவே ஏற்றி வைத்த அழுத்தத்தை மீறித் தள்ள முடியாமல், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சும்மா சுழன்று சூடாகும். வேகக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அதை முதல் பம்புக்குக் கொடுங்கள். இரண்டாவது ஆன், ஆஃப் என்று இருக்கட்டும்.

நின்றிருக்கும் இரண்டாவது பம்ப் வழியாகப் பெட்ரோல் பின்னால் ஓடாதா?

செக் வால்வு இல்லையென்றால் ஓடும். டேங்குக்குள் போடும் பம்புகளில் பெரும்பாலும் வெளியேறும் வாயிலேயே செக் வால்வு உண்டு. அது பழுதானால், முதல் பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி இரண்டாவது பம்ப் வழியாக டேங்குக்கே போய்விடும். முதல் பம்ப் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் பம்புக்குப் பின்னால் அதே லைனில் இன்னொன்றைக் கோர்த்து மாட்டினால்?

அது வேறு கதை. வரிசையாகக் கோர்த்தால் முழு ஓட்டமும் நின்றிருக்கும் பம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். இணையாக மாட்டுவதே தெருக் காருக்கு நல்லது.

இரண்டாவது பம்ப் ஆன் ஆகாமல் போனால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பம்பை ஆன் செய்வது எளிது, பத்து நிமிட ஒயரிங். ஆன் ஆகவில்லை என்பதை இன்ஜின் உடையுமுன் தெரிந்துகொள்வதில்தான் வேலை இருக்கிறது.

வித்தியாச அழுத்தம் 43.5இலிருந்து 38க்கு விழுந்தால், இன்ஜெக்டர் தருவது சுமார் 6.5 சதவீதம் குறையும். 11.5 ஆக டியூன் செய்த காற்று பெட்ரோல் விகிதம் 12.3 ஆகும். இது கவலை, ஆபத்து இல்லை. 30க்கு விழுந்தால் 17 சதவீதம் குறைவு, விகிதம் 13.8. பெட்ரோலில் 30 பிஎஸ்ஐ பூஸ்டில் அந்த விகிதம் என்றால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது), பிஸ்டன் விளிம்பு உருகல், அப்புறம் இன்ஜின் வேலை. இது ஒரே இழுப்பில் நடந்து முடிந்துவிடும், ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்க நேரம் இருக்காது.

டாஷ்போர்டில் ஒரு விளக்கு போட்டிருக்கிறேன் என்பார்கள். 87இலிருந்து எடுத்த விளக்கு, ரிலே வரை கரண்ட் வந்தது என்றுதான் சொல்லும். டேங்குக்குள் ஹோஸ் கழன்றிருந்தாலும் விளக்கு எரியும். நம்ப வேண்டியது ரெயிலில் மாட்டிய பிரஷர் சென்சாரை. பூஸ்டில் இருக்கும்போது வித்தியாச அழுத்தம் 38க்குக் கீழே கால் நொடி நின்றால், ஈசியூ, பூஸ்டை ஏற்றித் தரும் மின் வால்வான பூஸ்ட் சொலினாய்டை நிறுத்தி, ஆர்பிஎம்மையும் வெட்ட வேண்டும்.

சொலினாய்டை நிறுத்தினால் பூஸ்ட் பூஜ்ஜியத்துக்குப் போகாது, டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கும். அதனால் அந்த ஸ்பிரிங்கை முதல் பம்பின் எல்லைக்குக் கீழே தேர்ந்தெடுங்கள். முதல் பம்ப் 16 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்றால் 12 பிஎஸ்ஐ ஸ்பிரிங். இரண்டாவது பம்ப் முற்றிலும் செத்தாலும் கார் 12 பிஎஸ்ஐயில் பத்திரமாக வீடு வந்து சேரும். ஹாப்ஸ் வைத்தவர்களுக்கும் இந்த ஒரு ஏற்பாடு உதவும்: பூஸ்ட் சொலினாய்டின் கரண்டையும் இரண்டாவது பம்பின் ரிலே அவுட்புட் வழியாகவே கொடுத்துவிட்டால், பம்புக்குக் கரண்ட் வராதபோது அதிக பூஸ்டும் வராது. ஒரு விலை உண்டு: பம்ப் ஆன் ஆகும் வரை சொலினாய்டும் வேலை செய்யாது, பூஸ்ட் சற்று மெதுவாக ஏறும். பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கார் நின்றிருக்கும்போது முதல் பம்பை ஜம்பர் போட்டு ஓட்டி, ஹாப்ஸ் ஹோஸில் கைப்பம்பால் காற்று ஏற்றுங்கள். எந்த எண்ணில் சத்தம் மாறுகிறது, இறக்கும்போது எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓடும்போது ஐடில் அழுத்தம் ஏறுகிறதா என்றும் பாருங்கள், ஏறினால் ரிட்டர்ன் லைன் சிறியது. அப்புறம் டைனோவில் (காரை நிறுத்திவைத்தே ஓட்டிப் பவர் அளக்கும் மெஷின்), குறைந்த பூஸ்டில் தொடங்கி, லாக்கை (ஈசியூவில் பதிவான அளவுகளை) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பார்த்தபடி ஏறுங்கள். கடைசியாக இரண்டாவது பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, முதல் பம்பின் எல்லைக்குச் சற்று மேலே மட்டும் ஒரு ஓட்டம். ஈசியூ வெட்டினால்தான் காரை வெளியே எடுக்கலாம். பெட்ரோல் லைனைத் திறக்குமுன் அழுத்தத்தை இறக்குங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்குக்குள் எந்த ஹோஸ், எந்த ஒயர்?

பெட்ரோலில் மூழ்கியே கிடக்கும் ஹோஸுக்கு எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சடித்திருக்க வேண்டும். வெளியே போடும் இன்ஜெக்ஷன் ஹோஸ் உள்ளே போட்டால் வெளித்தோல் ஊறிப் பிய்ந்துவிடும், அது கழன்றால் பம்ப் ஓடியும் பயனில்லை. ஒயருக்கு டெஃப்லான் உறை.

டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ கார்களிலும் இதே முறையா?

பாதிதான். இன்ஜினோடு சுழலும் ஹை பிரஷர் பம்ப் அங்கே தனி. அதற்குப் பெட்ரோல் ஊட்டும் லோ பிரஷர் பக்கத்தில் மட்டுமே இரண்டாவது பம்புக்கு வேலை. பிஎம்டபிள்யூ 335ஐயின் என்54 இன்ஜினில் அந்தப் பக்கம் சுமார் 5 பார். ஹை பிரஷர் பம்பே திணறினால் பின்னால் எத்தனை பம்ப் போட்டாலும் தீராது.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டிராக்கில் ஓட்டும் காருக்கான வேலை இது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்கில் இப்போது இ20தானே கிடைக்கிறது, அதற்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?

வேண்டும். அதே பவருக்கு இ20 சுமார் 7 முதல் 8 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். 220 லிட்டர் என்று போட்ட கணக்கு 237ஐத் தொடும். முதல் பம்ப் 16 பிஎஸ்ஐ வரை தாங்கியது பழைய பெட்ரோலில் என்றால், இ20இல் அந்த எல்லை கீழே இறங்கியிருக்கும். புதிதாக ஒரு லாக் எடுத்து, ஆன் ஆகும் எண்ணையும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கையும் அதற்கு ஏற்றபடி மறுபடி பாருங்கள்.